பத்தரை மணிக் கையெழுத்து

ஜூலை 8, திங்கள்

கரூருக்கு வந்து இரண்டு நாள் ஆகிறது. இன்றுதான் முதல் கையெழுத்து.

இதை யார் படிக்கப் போகிறார்கள் என்று தெரியவில்லை. இருந்தாலும் முறையாகச் சொல்லிவிடுகிறேன். என் பெயர் மிக்கேல், வயது பத்தொன்பது, ஊர் தூத்துக்குடி. என்னிடம் பிடிபட்டது மாத்திரை. தலைவலி மாத்திரை இல்லை. முதல் வழக்கு பதினேழு வயதில். அதற்குக் கூர்நோக்கு இல்லத்தில் நான்கு மாதம் இருந்தேன். இது இரண்டாவது. இந்தத் தடவை பெரியவர்களின் ஜெயில்.

ஜாமீன் கிடைத்தது, ஆனால் நிபந்தனையோடு. தூத்துக்குடிப் பக்கமே போகக் கூடாது. கரூரில் தங்கி, தினமும் காலை பத்தரை மணிக்கு இங்குள்ள காவல் நிலையத்தில் கையெழுத்துப் போட வேண்டும். ஞாயிற்றுக்கிழமைக்கும் விடுமுறை கிடையாது. ஒரு மாதம் ஒழுங்காகப் போட்டால் நிபந்தனையைத் தளர்த்தச் சொல்லி மனுப் போடலாம் என்றார் வக்கீல். மீறினால் மறுபடி உள்ளே, ஜாமீன் போட்டவர்களையும் கோர்ட்டுக்குக் கூப்பிடுவார்கள் என்றார்.

ஜாமீன்தாரர் இருவரில் ஒருவர் ரத்த சொந்தமாக இருக்க வேண்டுமாம். அப்பா கோர்ட் வாசல் வரைகூட வரவில்லை. வந்தது ஜெனிட்டா அக்கா. ஆறு வருஷத்துக்கு முன்னால் வீட்டில் சொல்லாமல் பூபதி அத்தானைக் கல்யாணம் செய்துகொண்டு இந்த ஊருக்கு வந்தவள். எங்கள் வீட்டில் அவள் பெயரையே யாரும் சொல்வதில்லை. அவளும் அத்தானும்தான் எனக்காகக் கையெழுத்துப் போட்டார்கள்.

ஜெயிலில் கவுன்சலிங்குக்கு வந்த மேடம் இந்த நோட்டைக் கொடுத்தார். போக வேண்டும் என்று தோன்றும் ஒவ்வொரு தடவையும், அதற்குச் சற்று முன்னால் என்ன நடந்தது என்று எழுதச் சொன்னார். எங்கே போக வேண்டும் என்று தோன்றும் என்பதை அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

ஜூலை 9, செவ்வாய்

ஸ்டேஷனில் ரைட்டர் பழனியப்பன் என்று ஒருவர். எழுத்து வேலை எல்லாம் அவர் கையில்தான். மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு அதையே மேசை முழுக்கத் தேடுகிறார். நான் சொல்லவில்லை. போலீசுக்கு உதவி செய்கிற வழக்கம் எனக்கு இல்லை.

வழக்கைப் படித்துப் பார்த்து, "இந்த வயசுல இதெல்லாம் தேவையாங்க தம்பி?" என்று கேட்டார். இந்த ஊரில் குற்றவாளிக்கும் "ங்க" போடுகிறார்கள். எங்கள் ஊரில் அப்பாவே என்னை "ஏல" என்றுதான் கூப்பிடுவார், அதுவும் கோபம் இல்லாத நாளில்.

ஜூலை 11, வியாழன்

அத்தான் வீட்டுக்குப் பின்னால் சின்னப் பட்டறை வைத்திருக்கிறார். தைத்து வருகிற படுக்கை விரிப்புகளில் ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் நூலை வெட்டி, மடித்து, பெட்டியில் போட வேண்டும். பிசிறு வெட்டுவது என்று பெயர். எனக்கு அந்த வேலை. கையில் சின்னக் கத்தரி, மடியில் விரிப்பு, எதிரே சுவர்.

உட்கார்ந்த இடத்தில் ஒரு மணி நேரம் இருப்பது எனக்குச் சின்ன வயதிலிருந்தே வராது. நான்காம் வகுப்பில் டீச்சர் என் இடுப்பைப் பெஞ்சோடு துப்பட்டாவால் கட்டிவைத்தார். பெஞ்சோடு எழுந்து போனேன்.

ஜூலை 13, சனி

கையெழுத்து, பிசிறு, சோறு, தூக்கம்.

ஜூலை 15, திங்கள்

மேடம் போனில் ஒரு படிவம் அனுப்பியிருந்தார். நாற்பது கேள்வி. ஒவ்வொன்றுக்கும் ஒன்றிலிருந்து ஐந்துக்குள் ஒரு எண் போட வேண்டும். யோசிக்காமல் செய்துவிட்டுப் பின்னால் வருந்துவது உண்டா. ஆபத்தான காரியம் என்றால் உற்சாகமாக இருக்குமா. நெருங்கிய நண்பர்களில் எத்தனை பேர்மீது வழக்கு. வீட்டில் உங்களை யாராவது தேடுவார்களா.

எல்லாவற்றுக்கும் மூன்று போட்டு அனுப்பிவிட்டேன். மேடம் உடனே கூப்பிட்டார். இப்படி நிரப்புகிறவர்கள் இரண்டு வகை, ஒன்று படிக்காதவர்கள், இல்லையென்றால் எல்லாவற்றையும் இரண்டு தடவை படித்தவர்கள் என்றார். நீ எந்த வகை என்று கேட்டார். சிக்னல் இல்லை என்று சொல்லி வைத்துவிட்டேன்.

ஜூலை 17, புதன்

மேடம் சொன்னபடி எழுதுகிறேன். நேரம்: மதியம் மூன்று மணி. சற்று முன்னால் நடந்தது: ஒன்றும் இல்லை. சாப்பிட்டோம். அத்தான் லோடு அனுப்பப் போனார். அக்கா பாத்திரம் கழுவினாள். விசிறி சுற்றியது. திடீரென்று கொட்டாவி வந்தது, கண்ணில் தண்ணீர் வந்தது, முழங்காலுக்குள் ஏதோ ஊர்ந்தது. மாத்திரை போடாமல் அறுபத்தோரு நாள் ஆகிறது. உடம்புக்கு இன்னும் தகவல் போய்ச் சேரவில்லை போலிருக்கிறது.

கடல் இருந்தால் போய் நின்றிருப்பேன். இங்கே அமராவதி என்று ஓர் ஆறு. தண்ணீர் இல்லை. இருந்தாலும் ஆறு ஒரு பக்கமாகப் போய்க்கொண்டே இருக்கும், நாம் நிற்பதற்குத் தோதாக நிற்காது.

ஜூலை 20, சனி

ஊரில் இருக்கும் என் கூட்டாளி டார்வினை நான் கூப்பிடவில்லை. அவனும் என்னைக் கூப்பிடவில்லை. நல்லதுதான்.

ஜூலை 21, ஞாயிறு

நேற்று எழுதியது பொய். ஆறு தடவை கூப்பிட்டேன். அவன் எடுக்கவில்லை. இன்று பிரசங்க நேரத்தில் அவனே கூப்பிட்டான். கோயிலை விட்டு வெளியே ஓடிவந்து பேசினேன். "மக்கா, எப்படில இருக்க, மெலிஞ்சிட்டியாமே" என்றான். யாரோ சொல்லியிருக்கிறார்கள், அவன் விசாரித்திருக்கிறான். அதை இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டேன். வெட்கம்தான், ஆனால் அதுதான் நடந்தது.

பிசிறு வெட்டும்போது இரண்டு தடவை பாட்டு முணுமுணுத்தேனாம். அத்தான் சொன்னார்.

ஜூலை 24, புதன்

அக்காவுக்கு டார்வின் பெயரைக் கேட்டாலே முகம் மாறுகிறது. அவளுக்கு அவனைத் தெரியாது. அதனால் இங்கே எழுதிவைக்கிறேன்.

கூர்நோக்கு இல்லத்தில் இருந்தபோது முதல் ஞாயிற்றுக்கிழமை என்னைப் பார்க்க வந்தது டார்வின். அம்மா மூன்றாவது வாரம் வந்தாள், அழுதாள், போனாள். அப்பா வரவே இல்லை. டார்வின் வாசலில் நின்று, அண்ணன் என்று பொய் சொல்லி, பரோட்டா பொட்டலத்தை உள்ளே அனுப்பினான். அவனைவிட நான் மூன்று வயது சின்னவன். கூட்டத்தில் எல்லாரையும் விட்டுவிட்டு என் தோளில்தான் கை போடுவான். அந்தக் கை தோளில் இருக்கும்போது நான் வேறு ஆள். எதற்கும் பயப்பட மாட்டேன்.

இந்த வழக்கைப் பற்றியும் எல்லாரும் தப்பாகப் பேசுகிறார்கள். அவன் என்னை மாட்டிவிடவில்லை. பஸ் ஸ்டாண்டில் பையை என் கையில் கொடுத்துவிட்டுத் தண்ணீர் பாட்டில் வாங்கப் போனான். அந்த நேரம் பார்த்துப் போலீஸ் வந்தது. அவன் திரும்பி வந்திருப்பான். கடையில் கூட்டம். பைக்குள் என்ன என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவனை நம்பவில்லை என்று ஆகியிருக்கும்.

ஜூலை 26, வெள்ளி

இன்று எங்கள் ஊரில் மாதா கோயில் கொடியேற்றம்.

அம்மா போனைத் தூக்கிப் பிடித்தாள். வேட்டுச் சத்தமும் கூட்டத்தின் இரைச்சலும் கேட்டன. பிறந்ததிலிருந்து ஒரு திருவிழாவையும் விட்டதில்லை, கூர்நோக்கு இல்லத்தில் இருந்த வருஷம்கூடத் திருவிழாவுக்கு முன்னால் என்னை வெளியே அனுப்பிவிட்டார்கள். பத்து நாள் கழித்து, ஆகஸ்ட் ஐந்தாம் தேதி சாயங்காலம் மாதா சப்பரத்தில் தெருத்தெருவாக வருவாள். அன்று ஊரில் எவனும் எவனையும் குற்றவாளி என்று பார்க்க மாட்டான். அப்பாகூட அன்றைக்கு என்னோடு பேசுவார், "சட்டையை உள்ள விடுல" என்றாவது.

எனக்கு ஊருக்குப் போக வேண்டும். நெஞ்சு வலிக்கிற அளவுக்குப் போக வேண்டும். சற்று முன்னால் நடந்தது: அம்மா போன் செய்தாள்.

ஜூலை 29, திங்கள்

டார்வின் கூப்பிட்டான். திட்டம் சுலபமானது. ஐந்தாம் தேதி பத்தரைக்குக் கையெழுத்துப் போட்டுவிட வேண்டியது. பன்னிரண்டரை மணிக்கு மதுரை பஸ், அங்கிருந்து மாறினால் சாயங்காலம் ஊர். சப்பரத்தைப் பார்த்துவிட்டு இரவு பஸ்ஸில் ஏறினால் மறுநாள் பத்தரைக்கு ரைட்டர் முன்னால் நிற்கலாம். இடையில் இருக்கும் இருபத்து நான்கு மணி நேரத்தைப் போலீஸ் எண்ணிக்கொண்டா இருக்கப்போகிறது என்று சிரித்தான்.

திருவிழாவுக்குக் கூட்டாளிகள் எல்லாருக்கும் ஒரே துணியில் சட்டை எடுத்தாயிற்றாம். எனக்கும் தைக்கக் கொடுத்திருக்கிறானாம்.

கடைசியில் சொன்னான்: "வரும்போது அங்கன பஸ் ஸ்டாண்டு பக்கத்துல ஒரு அண்ணன் பை ஒண்ணு தருவாரு. அத மட்டும் கொண்டாந்துருல."

என்ன பை என்று கேட்கவில்லை.

ஜூலை 31, புதன்

நான் போவது மாதாவுக்காக. பை அதன் பாட்டுக்கு வரும்.

ஆகஸ்ட் 1, வியாழன்

ரைட்டர் கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தார். நெற்றியைத் தொட்டுக் காட்டினேன். சிரித்தார். எதற்குக் காட்டினேன் என்று தெரியவில்லை.

ஆகஸ்ட் 2, வெள்ளி

வக்கீல் போன் செய்தார். வருகிற வாரம் மனுப் போடலாமாம். இதுவரை ஒரு நாளும் தவறாமல் கையெழுத்துப் போட்டது நல்ல சாட்சி என்றாராம். அக்கா அதை என்னிடம் சொல்வதற்குப் பட்டறைக்கு ஓடிவந்தாள். கையில் மாவு. அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்து ஆறு வருஷம் ஆகிறது. அத்தான், மனு முடிந்ததும் மாப்பிள்ளைக்குத் தையல் மெஷினில் வேலை பழக்கிவிடலாம் என்றார்.

நான் விரிப்பைத் தூக்கி முகத்துக்கு நேரே வைத்துப் பிசிறு தேடினேன். ஒரு வீட்டில் எல்லாரும் ஒருவனை நம்பும்போது அந்த அறையில் காற்று போதவில்லை. சும்மா எழுதவில்லை, நிஜமாகவே மூச்சு முட்டியது. யாராவது திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

போகிறேன். முடிவு செய்துவிட்டேன். அக்காவிடம், பட்டறைக்கு அட்டைப் பெட்டி பார்க்க ஈரோடு போவதாக, பஸ் ஏறியதும் போனில் சொல்லிக்கொள்ளலாம். அவளுக்கு என்னை நம்புவது ஒன்றும் கஷ்டமாக இருக்கவில்லை, அதுதான் கஷ்டம்.

மாதாவைப் பார்க்க வேண்டும். இல்லை. டார்வினைப் பார்க்க வேண்டும். அவன் என் தோளில் கை போட வேண்டும். இதை எழுதிவிட்டு மூன்று தடவை அடிக்கப் பார்த்தேன். அடிக்கவில்லை.

ஆகஸ்ட் 5, திங்கள்

பத்தரைக்குக் கையெழுத்துப் போட்டேன். ரைட்டர், இன்றைக்கு உங்கள் ஊரில் திருவிழாவாமே, செய்தியில் சொன்னார்கள் என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

ஸ்டேஷனை விட்டு இறங்கி இடது பக்கம் போனால் அக்கா வீடு, வலது பக்கம் போனால் பஸ் ஸ்டாண்டு. வலது பக்கம் திரும்பி நடந்தேன். ஜூஸ் கடை தாண்டி, செருப்புக் கடை தாண்டி, பஸ் ஸ்டாண்டின் மேற்கூரை தெரிகிற இடம் வரைக்கும் போய்விட்டேன். அங்கே நின்றுகொண்டு, இப்போது போக வேண்டும் என்று தோன்றுகிறதே, சற்று முன்னால் என்ன நடந்தது என்று யோசித்தேன். ஒன்றும் நடக்கவில்லை. காலையில் அக்கா இட்லி வைத்தாள். அத்தான் தன்னுடைய புதுச் செருப்பைப் போட்டுக்கொண்டு போகச் சொன்னார். யாரும் திட்டவில்லை, உடம்பு ஊரவில்லை, துக்கமும் இல்லை. காரணம் என்று ஒன்றைப் பிடித்து அதன்மேல் பழி போடலாம் என்றால் எதுவும் அகப்படவில்லை. கால் தானாகப் போய்க்கொண்டிருந்தது. அப்போதுதான் பயந்தேன். போலீசிடம் அடி வாங்கியபோது வராத பயம்.

வீட்டுக்குத் திரும்பிப் போகலாம்தான். ஆனால் வீட்டிலிருந்து பஸ் ஸ்டாண்டுக்கு எந்த நேரமும் கிளம்பிவிடலாம், யாரும் தடுக்கப்போவதில்லை. என்னைப் போகவிடாத இடம் இந்த ஊரில் ஒன்றே ஒன்றுதான் தெரிந்தது.

மறுபடி ஸ்டேஷனுக்குள் போனபோது மணி பதினொன்று. ரைட்டர் நிமிர்ந்து பார்த்து, எதையாவது வைத்துவிட்டுப் போய்விட்டேனா என்று கேட்டார். பன்னிரண்டரை மணி வரைக்கும் இந்தப் பெஞ்சில் உட்கார்ந்துகொள்கிறேன் என்றேன். ஏன் என்றார். பஸ் போக வேண்டும் என்றேன். பஸ் போவதற்கும் இங்கே உட்காருவதற்கும் என்ன சம்பந்தம் என்றார். அதற்கு மேல் சொன்னால் டார்வினைக் காட்டிக்கொடுத்தது ஆகிவிடும்.

அவர் பேனாவை மூடி வைத்தார். இருபது வருஷச் சர்வீசில் வெளியே போகிறேன் என்று கெஞ்சியவனைத்தான் பார்த்திருக்கிறேன் என்று பக்கத்துக் கான்ஸ்டபிளிடம் சொன்னார். பிறகு பெஞ்சைக் காட்டினார்.

பதினொன்றே காலுக்கு டார்வின் கூப்பிட்டான். போன் சட்டைப்பையில் துடித்தது. நின்றது. மறுபடி துடித்தது. பதினேழு தடவை. என் வாழ்க்கையில் யாரும் என்னைப் பதினேழு தடவை கூப்பிட்டதில்லை. ஒவ்வொரு தடவையும், இதோ தேடுகிறான், என்னைத்தான் தேடுகிறான் என்று மனது பொங்கியது. பதினெட்டாவது வரும் என்று கையை வைத்துக் காத்திருந்தேன். வரவில்லை. அதற்கப்புறம்தான் நிஜமாகவே எழுந்து ஓடத் தோன்றியது. பெஞ்சின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

பன்னிரண்டு மணிக்கு அக்கா வந்தாள். நான் திரும்பவில்லை என்று அத்தான் தேடிவந்து, ஜன்னல் வழியாக நான் பெஞ்சில் இருப்பதைப் பார்த்துவிட்டுப் போய்ச் சொல்லியிருக்கிறார். அக்கா கையில் ஒரு துணிப்பை. அதில் துண்டு, சோப்பு, பிரஷ். ஜெயிலுக்கு என்னவெல்லாம் வேண்டும் என்று அவளுக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. நேரே ரைட்டரிடம் போய், என்ன செஞ்சான் ஐயா என்று கேட்டாள். ஒன்றும் செய்யவில்லை என்றார் ரைட்டர். அவள் நம்பவில்லை. என் பக்கம் திரும்பி முதுகில் ஓங்கி ஒரு அடி போட்டாள். "என்னல செஞ்ச? உண்மையச் சொல்லு."

சொன்னேன். எல்லாவற்றையும் இல்லை, ஆனால் போதுமான அளவுக்கு. பஸ், சப்பரம், பை. ரைட்டருக்குக் கேட்காத குரலில். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு எதையோ எழுதிக்கொண்டிருந்தார்.

அக்கா விடவில்லை. யாராவது ஒருத்தன் பையைத் தூக்கு என்றால் தூக்கிவிடுவாயா, உள்ளே என்ன, எங்கே போகிறது என்று கேட்க மாட்டாயா, உனக்கு அறிவே கிடையாதா என்று கேட்டுக்கொண்டே போனாள்.

எனக்கு அப்போது வாயில் வந்ததை நான் ஆறு வருஷத்தில் ஒருத்தரிடமும் சொன்னதில்லை. "நீ போன அன்னிக்கும் ஒம் பைய நாந்தான பஸ் ஸ்டாண்டு வரைக்கும் தூக்கிட்டு வந்தேன். எங்க போறன்னு ஒன்ட்ட கேட்டனா?"

அவள் குனிந்து தன் கையிலிருந்த துணிப்பையைப் பார்த்தாள்.

கடைக்குப் போய்விட்டு வருகிறேன், இந்தப் பையைப் பிடி என்றுதான் அன்றைக்குச் சொன்னாள். எனக்குப் பதின்மூன்று வயது. பை கனமாக இருந்தது. கரூர் பஸ்ஸில் ஏறி, ஜன்னல் வழியாகப் பையை வாங்கிக்கொண்டு, வீட்டுக்குப் போ என்றாள். போனேன். அவளை அனுப்பிவைத்ததே நான்தான் என்று அப்பா பெல்ட்டால் அடித்தார். அன்று சாயங்காலம் வீட்டுக்குள் போகப் பிடிக்காமல் கடற்கரையில் உட்கார்ந்திருந்தேன். அங்கேதான் டார்வின் வந்து, யாருல அடிச்சா என்று கேட்டான். கேட்ட ஒரே ஆள் அவன். இதையும் சொன்னேன்.

அக்கா துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள். மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அப்புறம் ரைட்டரிடம், "ஐயா, இவன் எந்திரிக்கிற வரைக்கும் நானும் இங்க இருந்துக்கிடுதேன்" என்றாள். இன்ஸ்பெக்டர் வருகிற நேரம், கொஞ்சம் சுவர்ப்பக்கமாகத் தள்ளி உட்காருங்கம்மா என்றார் அவர். தள்ளி உட்கார்ந்தோம்.

பன்னிரண்டரை ஆனது. மதுரை பஸ் போயிருக்கும். என்னால் எழுந்திருக்க முடியவில்லை. அடுத்த பஸ் எப்போது என்று அக்கா கேட்டாள். ஒன்றே காலுக்கு என்றேன். அதுவும் போகட்டும் என்றாள். அப்புறம் இரண்டு மணி பஸ்ஸும் போனது. சாயங்காலம் சப்பரம் கிளம்பியிருக்கும். நான் பார்க்கவில்லை. அழுதேன். அக்கா என்னைச் சமாதானம் செய்யவில்லை, நான் அழுது முடியும்வரை பக்கத்தில் இருந்தாள்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

டார்வின் அப்புறம் கூப்பிடவில்லை. காலையிலிருந்து போனை எத்தனை தடவை எடுத்துப் பார்த்தேன் என்பதை இங்கே எழுதப்போவதில்லை. அவன் கூப்பிட்டால் எடுக்க மாட்டேன் என்றும் எழுதப்போவதில்லை.

பத்தரைக்குப் போய்க் கையெழுத்துப் போட்டேன். ரைட்டர் நோட்டை மூடிவிட்டு, "இன்னிக்கும் உக்காரணுங்களா தம்பி?" என்று கேட்டார். கிண்டல் இல்லை, நிஜமாகத்தான் கேட்டார். வாசலைப் பார்த்தேன். இடது பக்கமும் தெரிந்தது, வலது பக்கமும் தெரிந்தது.

அஞ்சே நிமிஷம் என்றேன். முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.